உண்ணிக் காலம்

காஃப்ஸ் ஹார்பரில் அக்டோபர் என்றால்
உண்ணிக் காலம்.
இன்று மட்டும் மூன்று நாய்கள்.
இரண்டு நடந்து வந்து, ஊசி போட்டு, வீடு போயின.
மூன்றாவது போர்வையில் வந்தது,
நான்கு முனைக்கும் ஆள் பிடித்து.

கூண்டு அட்டையில் எழுதினேன்:
டிராக்டர் தில்லான். கெல்பி. ஆறு வயது.
இங்கே நாய்க்கும் குடும்பப் பெயர் உண்டு,
பில் யாருக்கு என்று தெரியவேண்டுமே.
என் சட்டையில் குத்தியிருப்பதும் அப்படி வந்ததுதான்:
நல்லசிவம், அப்பாவின் பெயர்.
பாஸ்போர்ட் அதை என் பெயராக்கியது.
இவர்கள் அதை ‘நல்லா’ ஆக்கினார்கள்.

காதுக்குப் பின்னால் இருந்தது அது.
ஆமணக்கு விதைப் பருமன், அதே சாம்பல் மினுக்கு.
உண்பதால் உண்ணி.
அது உண்டு முடித்துவிட்டது.
இவனால் எச்சிலைக்கூட விழுங்க முடியவில்லை.

பதினொன்று முதல் ஏழு வரை நான் மட்டும்.
விளக்கைக் குறைத்து, ரேடியோவை அணைத்து,
மணிக்கொரு முறை மூச்சை எண்ணுகிறேன்.
தொண்டையில் தேங்கும் நுரையைக் குழாயால் உறிஞ்சுகிறேன்.
இடப்பக்கம் கிடந்தவனை வலப்பக்கம் புரட்டுகிறேன்,
நனைந்த மண்மூட்டை மாதிரி.
வயிற்றை அழுத்திச் சிறுநீர் எடுக்கிறேன்.
கடைசியாகக் கண்கள்.

விஷம் இமைகளையும் கட்டிப்போட்டிருக்கிறது.
திறந்தே கிடந்தால் விழி காய்ந்துவிடும்.
களிம்பை ஒரு கோடாக இட்டு
கட்டைவிரலால் இமையை இழுத்து மூடிப்
பத்து எண்ணுகிறேன்.
இந்தக் கைப்பழக்கம் எனக்கு வேறிடத்தில் வந்தது.
மதுரைப் பெரியாஸ்பத்திரி, அப்பாவின் கட்டில்.
அப்போது எண்ணவில்லை.

எதிர்க் கூண்டில் மேபல் ஓ’டோனல்.
முயல். ஒன்றரைக் கிலோ கோபம்.
குடல் ஓட்டம் நின்றுபோனது.
முயல் சாப்பிடாவிட்டால் செத்துப்போகும்,
டிராக்டர் சாப்பிட்டால் செத்துப்போவான்.
இரண்டு தாள்களும் அருகருகே தொங்குகின்றன.
தூக்கக் கலக்கத்தில் மாற்றிப் படித்துவிடாமலிருக்க
ஒன்றில் பச்சை நாடா ஒட்டியிருக்கிறேன்.
புல்கூழைச் சிரிஞ்சில் ஏற்றிக் கடைவாயில் வைத்தால்
பாதி உள்ளே போகும்,
மீதி என் மூக்குக்கண்ணாடியில்.

இரண்டரைக்குத் தொலைபேசி.
வூல்கூல்காவிலிருந்து ஜஸ்விந்தர் தில்லான்,
புளூபெர்ரித் தோட்டக்காரர்.
‘சாப்பிட்டானா?’
விழுங்க முடியாதவனுக்கு எதுவும் தரக்கூடாதென்று
மாலையிலேயே விளக்கியிருந்தேன்.
மறுபடி விளக்கினேன்.
‘சரி, சரி’ என்றார்.
கொஞ்ச நேரம் கழித்து,
‘ரொட்டி என்றால் சாப்பிடுவான்.’

மூன்றேகாலுக்கு டாக்டர் பிரான்வின், வீட்டிலிருந்து.
‘நல்லா?’
கூப்பிடுகிறாரா, கேட்கிறாரா,
அந்த நேரத்தில் எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரிவதில்லை.
‘இல்லை’ என்றேன்.
‘மூச்சு நிமிடத்துக்குப் பத்து.
ஆக்ஸிஜனைக் கூட்டியிருக்கிறேன்.’
வென்டிலேட்டர் வேண்டுமென்றால் பிரிஸ்பேன் போகவேண்டும்,
காரில் நாலரை மணி நேரம்.
அவன் அவ்வளவு தூரம் தாங்கமாட்டான் என்று
இருவருமே சொல்லவில்லை.
ஐந்து வரை பார்ப்போம் என்றார்.

ஐந்துக்குப் பத்து நிமிடம்.
களிம்புக் குழாயோடு குனிந்தேன்.
விரல் படுமுன்னே
இடது இமை இறங்கியது.
முழுதாக இல்லை,
மத்தியானத்தில் கடைக்காரர் ஷட்டரை விடுவதுபோல
பாதிவரை.
நின்றது. ஏறியது.
வலது இமை அசையவே இல்லை.
காத்திருந்தேன்.
இடது மறுபடி இறங்கியது.

தாளில் குறித்துவிட்டு எண்ணை அழுத்தினேன்.
முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.
நாக்கின் நுனிக்குத் தமிழ்தான் முதலில் வந்தது:
கண்ணை மூடிட்டான்.
எங்கள் தெருவில் அதைச் சொன்னால்
செருப்பு மாட்டாமல் ஓடிவருவார்கள்.
விழுங்கிக்கொண்டேன்.
கண் சிமிட்டினான் என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

மறுமுனையில் மூச்சு மட்டும்.
பிறகு,
‘யாரைப் பார்த்து?’

பதில் யோசிப்பதற்குள் முதுகுக்குப் பின்னால்
காகிதம் கிழியும் சத்தம்.
கம்பி வழியே இழுத்து
மேபல் தன் தாளைத் தின்றுகொண்டிருந்தாள்,
பச்சை நாடாவோடு.